மெழுகு பூசாத காட்டு ஸ்கீ: பொடிப்பனி, ஐஸ், சொதசொத எல்லாத்துக்கும் ஒரே ஜோடி போதுமா?

#1 வேலன்_ஒட்டாவா

வணக்கம். மூணு குளிர்காலமா கிளாசிக் ஸ்கீ ஓட்டிட்டிருக்கேன், ட்ராக் போட்ட பாதையில மட்டும் (ஸ்கீ ஓட ரெட்டைச் சால் வெட்டின பாதை). பக்கத்துல கட்டினோ பூங்காவுல மெஷின் ஓட்டிச் செப்பனிட்ட பாதையே 200 கிமீ அளவுக்கு இருக்கு, அது போதாதான்னு வீட்டுல கேக்குறாங்க. போதலை. பாதை ஓரமா ஒரு பலகை இருக்கும், 'செப்பனிடாத பாதை'ன்னு. அதுக்குள்ள ரெண்டு பேர் போன தடம் மரத்துக்கு நடுவுல வளைஞ்சு மறையும். எத்தனை நாள்தான் அதைப் பார்த்துட்டே தாண்டிப் போறது?

போன மாசம் என் ஒல்லி ஸ்கீயோட உள்ள போயிட்டேன். ஒரு 200 அடி இருக்கும். முழங்கால் வரைக்கும் புதைஞ்சு, திரும்பவும் தெரியாம, ஸ்கீயைக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடந்து வந்தேன். எதிர்ல வந்த ஒரு பாட்டியம்மா "பான்ஜூர்"னு சொல்லிட்டு அதே பாதையில பூ மாதிரி ஏறிப் போனாங்க.

இங்க பனி ஒரு வாரத்துக்குள்ள நாலு வேஷம் போடும். திங்கள் −22, மாவு மாதிரி பொடி. புதன் மழை. வியாழன் அந்த மழை உறைஞ்சு, தட்டினா டங்குனு சத்தம். சனி அதுக்கு மேல புதுசா பத்து சென்டிமீட்டர். அன்னன்னிக்கு வெப்பம் பார்த்துப் பிடிமானத்துக்கு மெழுகு பூச எனக்கு நேரமும் இல்ல, கை வாகும் இல்ல. அதனால அடியில செதில் வெட்டின ஸ்கீதான்.

பார்த்து வச்சிருக்கிறது: ஃபிஷர் எக்ஸ்கர்ஷன் 88, ஃபிஷர் எஸ்-பவுண்ட் 98, மட்ஷுஸ் பனோரமா எம்62, எம்68. இதுல எம்68 ரொம்ப ஒல்லியோன்னு சந்தேகம், 98க்கும் 68க்கும் முப்பது மிமீ வித்தியாசம் வருதே. என் எடை 82 கிலோ, பை 6 கிலோ. ஒரே ஜோடிதான். மேலிடத்து உத்தரவு.

#2 மேப்பிள்சாறு (வெர்மான்ட்)

முதல்ல அந்த முப்பது மிமீயை மறந்துடுங்க. எல்லாரும் விழற குழி அது, நானும் விழுந்தவதான்.

ஃபிஷர்காரங்க பேருல போடற நம்பர் ஸ்கீயோட மூக்கு அகலம். மட்ஷுஸ்காரங்க போடறது இடுப்பு அகலம், அதாவது காலுக்குக் கீழ. எஸ்-பவுண்ட் 98 மூக்கு 98, இடுப்பு 69, வால் 88. எம்68 மூக்கு 99, இடுப்பு 68, வால் 84. ரெண்டும் அண்ணன் தம்பி. ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லின்னு நினைச்சு வாங்கினா கடைக்காரர்தான் சிரிப்பாரு. எம்62ன்னா 83-62-70. அதைத்தான் நீங்க எக்ஸ்கர்ஷன் 88 பக்கத்துல வச்சுப் பார்க்கணும்.

இன்னொண்ணு. பழைய சாமான் விக்கிற இடத்துல 'ஈயான்', 'எப்பாக்', 'ஆன்னம்'னு மட்ஷுஸ் கண்ணுல பட்டா அது எம்62, எம்68, எம்78 தானுங்க. பேரு மட்டும்தான் மாறுச்சு. அதுக்கும் முன்னாடி அதே வரிசை கர்ஹு பேருல வந்துட்டிருந்துச்சு. எம்68க்கு அப்போ '10வது மவுன்டன்'னு பேரு. எங்க ஊர்ல கேரேஜ் விற்பனையில இன்னும் கிடைக்குது.

நான் ஓட்டறது எஸ்-பவுண்ட் 98. இங்க கேட்டமவுன்ட் ட்ரெயில்னு ஒண்ணு இருக்கு, மாசச்சூசெட்ஸ் எல்லையில ஆரம்பிச்சு கனடா எல்லை வரைக்கும் 300 மைல். அதைத் துண்டு துண்டாப் போயிட்டிருக்கேன். பாதி காடு, பாதி யாரோட தோட்டமோ, நடுவுல மேப்பிள் சாறு எடுக்கற பிளாஸ்டிக் குழாய் கழுத்து உயரத்துல. அதுக்கு 98 சரியா இருக்கு.

#3 நூர்மார்க்கா_நடையன் (ஒஸ்லோ)

வேலன் தம்பிக்கு வணக்கம். நான் நோர்வேக்கு வந்தது 88ஆம் ஆண்டு, ஸ்கீயில ஏறினது 90இல. முதல் வருசம் விழுந்ததை எண்ணேல்ல, எண்ணியிருந்தா விட்டிட்டு வந்திருப்பன்.

எந்தச் சோடி எண்டு கேக்க முதல், இந்தச் செதில் எப்படி வேலை செய்யுது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. மீன் வெட்டிப் பழக்கம் இருக்கோ? விளை மீனைத் தலையில இருந்து வாலுக்குத் தடவினா கை வழுக்கிக்கொண்டு போகும். வாலில இருந்து தலைக்குத் தடவினா கையைப் பிடிச்சு இழுக்கும். ஸ்கீயின்ர அடியில இருக்கிறதும் அதுதான். முன்னுக்குப் போகேக்க வழுக்கும், காலால உதைச்சுத் தள்ளேக்க பனிக்குள்ள பல்லுப் பதிஞ்சு நிக்கும்.

பல்லுப் பதியோணும் எண்டா பனி இடம் குடுக்கோணும். சுழியத்தைச் சுத்தி, ஈரமான, பழசான, கற்கண்டு மாதிரி உருண்ட பனியில செதிலை அடிக்க ஆளில்லை. அந்த வெப்பத்திலதான் மெழுகுக்காரர் தலையைச் சொறிஞ்சுகொண்டு நிப்பினம், கிளிஸ்டர் எண்டு ஒரு பசை, அதைப் பூசினா கை, கதவுப்பிடி, காரின்ர சீட் எல்லாம் ஒட்டும். ஆனா உறைஞ்ச ஐஸில செதில் எங்க பதியும்? கண்ணாடியைக் கரண்டியால சுரண்டின மாதிரித்தான். −20 காய்ஞ்ச பொடியில பிடிக்கும், ஆனா வழுக்காது. அந்தக் குளிருக்குப் பனிமணி ஒவ்வொண்டும் கூரா இருக்கும், செதில் அதோட உரஞ்சிக்கொண்டுதான் போகும். −5இல ஒரு நீல மெழுகைத் தேச்சிட்டுப் போறவன் உங்களைத் தாண்டி விசில் அடிச்சுக்கொண்டு போவான். அதுக்குக் கவலைப்படக் கூடாது.

இன்னொரு விசயம், 'மெழுகு வேண்டாத ஸ்கீ' எண்டு சொல்லுறதே அரைப் பொய். செதிலுக்குத்தான் மெழுகு வேண்டாம். மூக்குப் பக்கமும் வால் பக்கமும் வழுக்கு மெழுகு போடத்தான் வேணும். போடாட்டி அடிப்பக்கம் வெளிறிப்போய், காய்ஞ்ச தோல் மாதிரி வரும்.

#4 மண்குதிரை (யூட்டா)

அண்ணே, ஏண்ணே இவ்வளவு யோசனை? அகலமா வாங்குங்க. நான் வாலே கம்பெனியோட ஆப்ஜெக்டிவ் பிசி வச்சிருக்கேன், இடுப்பே 84. செதில் உண்டு. மேடு ஏறும்போது ஸ்கின் (வழுக்காம இருக்க அடியில ஒட்டற ரோமப் பட்டை) ஒட்ட வேண்டிய இடத்துல பாதிக்கு ஒட்டாமலே ஏறிடலாம், இறங்கும்போது மலையில இறங்கறதுக்குன்னே செஞ்ச அசல் ஆல்பைன் ஸ்கீ மாதிரித் திரும்பும். 62, 68 எல்லாம் குச்சி. குச்சியக் கால்ல கட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படணும்?

#5 மேப்பிள்சாறு

மண்குதிரை, உங்க ஊர் வசாட்ச் மலைங்க. காருல இருந்து இறங்கினதும் ஏத்தம், ஏறினதும் இறக்கம். அதுக்கு உங்க ஸ்கீ சரி. வேலன் போறது மேடும் பள்ளமுமா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுல எட்டு கிலோமீட்டர் ஏறக்குறைய சமதளம். உங்க ஸ்கீயில போனா சமதளத்துல ஸ்கீ ஓட்டறதாவே இருக்காது, செருப்பைத் தேச்சுட்டு நடக்கறதுதான். அதுக்கு வேண்டிய பூட்ஸோட எடையும் வேற.

#6 மண்குதிரை

செருப்பா 😂 சரிக்கா. அடுத்த பிப்ரவரி இங்க வாங்க, பனி காட்டுறேன்.

#7 வேலன்_ஒட்டாவா

அந்த நம்பர் விஷயம் தெரியாமலே எம்68 வேண்டாம்னு அடிச்சு வச்சிருந்தேன். நன்றிக்கா.

இப்ப நிஜமான குழப்பம். நீளம்தான். ஒரு கடையில 189 சென்டிமீட்டர் எடுங்கன்னாங்க, இன்னொரு கடையில 179 போதும்னாங்க. ரெண்டு பேரும் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க. எடையக் கேக்கவே இல்ல.

#8 நூர்மார்க்கா_நடையன்

எடையைக் கேக்காமல் ஸ்கீ விக்கிறவன் காலைப் பாக்காமல் சப்பாத்து விக்கிறவன்.

தம்பி, ஸ்கீயைத் தரையில வையுங்கோ, நடுவில வில்லு மாதிரி தூக்கி நிக்கும். கேம்பர் எண்டுறது அதைத்தான். வழுக்கிக்கொண்டு போகேக்க ரெண்டு காலிலயும் உங்கட பாரம் பாதி பாதியா நிக்கும், அப்ப நடுவில இருக்கிற செதில் பனியைத் தொடாமல் மேல நிக்கோணும். உதைக்கேக்க முழுப் பாரமும் ஒரு காலில, அப்ப வில்லு நசுங்கிச் செதில் பனிக்குள்ள இறங்கோணும். உங்கட பாரத்துக்கு வில்லு கூட இறுக்கமா இருந்தா எவ்வளவு உதைச்சாலும் செதில் இறங்காது, பின்னுக்கு வழுக்குவீங்கள். தளர்வா இருந்தா செதில் எப்பவும் தரையில, எப்பவும் இழுவை. கடையில ஸ்கீயில பிழை எண்டு கொண்டுவந்து குடுக்கிற பாதிப்பேருக்குப் பிழை ஸ்கீயில இல்லை, தராசில.

வீட்டில செய்யலாம். சமதரை வேணும், கம்பளம் கூடாது. ரெண்டு ஸ்கீயிலயும் ஏறி நில்லுங்கோ, பையும் முதுகில இருக்கோணும். ஒராள் காலுக்குக் கீழ ஒரு கடதாசியை விட்டு இழுக்கட்டும். ரெண்டு காலில நிக்கேக்க கடதாசி முன்னும் பின்னும் ஓடோணும். ஒரு காலுக்குப் பாரத்தை மாத்தினா கடதாசி மாட்டுப்பட்டு நிக்கோணும்.

காட்டுக்கு எண்டு வாங்கிற அகலமான ஸ்கீயில கடதாசி அவ்வளவு லேசா ஓடாது. அதுகளின்ர வில்லு ட்ராக் ஸ்கீ மாதிரி ரெட்டை வளைவு இல்லை, ஒண்டரை வளைவு எண்டு சொல்லலாம். புதைபனியில தரையே மெத்தை, அங்க ஸ்கீ வளைஞ்சு குடுக்கோணும். கல்லுத் தரையில கொஞ்சம் ஓடினாலே சரி.

#9 வேலன்_ஒட்டாவா

கடையில கெஞ்சி ரெண்டு ஜோடியை வாடகைக்கு வாங்கிட்டு வந்தேன், 98ல 189, எம்68ல அதுக்குக் கிட்டின நீளம். சமையலறை டைல்ஸ் மேல போட்டாச்சு. முதுகுல பை, கையில தடி (தடி வேண்டாம்னு வீட்டம்மா சொல்லியும் கேக்கல). அவங்க தரையில உட்கார்ந்து மளிகை ரசீதை உள்ள விட்டு இழுக்கறாங்க.

98: ரெண்டு கால்ல நின்னப்ப ரசீது செதில் நடுவுல ஒரு சாண் ஓடுச்சு. ஒரு கால்ல நின்னா மாட்டுச்சு. 'இந்தப் பக்கம் சாயாதீங்க, குக்கர்'னு ஒரு சத்தம்.
எம்68: ரெண்டு கால்ல நின்னப்பவே பாதி இடத்துல மாட்டிக்கிச்சு, பையைக் கழட்டினதும் கொஞ்சம் ஓடுச்சு. ரசீது கிழிஞ்சது, அதுல இருந்தது கத்திரிக்காய் விலை.

அப்போ எம்68 எனக்குத் தளர்வா?

#10 மேப்பிள்சாறு

தளர்வுதான். அதுவே அதோட குணமும். எம்68 முழுக்க ஒரே மாதிரி வட்டமா வளையும், புதுப்பனியில இறக்கத்துல அழகாத் திரும்பும். 98 காலுக்குக் கீழ கொஞ்சம் முறைப்பு, தூரம் போக நல்லது. என் வீட்டுக்காரர் 64 கிலோ, அவருக்கு என் 98ஐக் குடுத்தா ஏத்தத்துல பின்னாடி பின்னாடி போறாரு. எனக்குப் பிடிக்குது. எனக்கு எத்தனை கிலோன்னு யாரும் கேக்க வேண்டாம்.

#11 அரும்பு (டொரோண்டோ)

இடையில வாறன், மன்னிக்கோணும். எனக்கு ஸ்கீ பழக்கமே இல்லை, பனிச்சப்பாத்துப் போட்டு நடந்த பழக்கம்தான். ஹோக் எண்டு ஒரு சின்ன ஸ்கீ இருக்காமே, கட்டையா அகலமா? அது உதவுமோ?

#12 நூர்மார்க்கா_நடையன்

அல்தாய் ஹோக், 125 சென்ரிமீற்றர், 145 சென்ரிமீற்றர் எண்டு ரெண்டு அளவு. காலுக்குக் கீழ ஒரு துண்டு ஸ்கின் கழட்டேலாத மாதிரி பதிச்சிருக்கும். சீனாவின்ர வடமேற்கு மூலையில அல்தாய் மலைச் சனங்கள் குதிரைத்தோலை மரப்பலகையில அடிச்சு ஸ்கீ செய்யிறவை, முன்னுக்குத் தடவினா மயிர் படியும், பின்னுக்கு இழுத்தா நிமிந்து பிடிக்கும். ஹோக் அந்த யோசனையின்ர பேரப்பிள்ளை.

பற்றைக்குள்ள, மரம் நெருக்கமா நிக்கிற இடத்தில, பழகாத ஆளுக்கு அது சோக்கான சாமான். ஐஸிலயும் செதிலை விடப் பிடிக்கும். வேகம் மட்டும் எதிர்பாக்கக் கூடாது, இறக்கத்திலயும் ஸ்கின் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். உங்களுக்கு அது நல்லது, தங்கச்சி. வேலன் தம்பிக்கு ரெண்டாவது நாளே அலுக்கும்.

#13 மேப்பிள்சாறு

செதில் ஸ்கீயோட ஒரு கெட்ட குணத்தை யாரும் சொல்லலீங்களே. ஐஸ் கட்டறது.

மூணு வருஷம் முன்ன, மார்ச் முதல் வாரம். அப்ப என்கிட்ட இருந்தது வேற பழைய ஜோடி. கீழ வெயில்ல +2, பனி ஈரம். சரசரன்னு ஏறிட்டேன். மேல ஊசியிலைக் காட்டுக்குள்ள நுழைஞ்சா நிழல், அங்க −3, ராத்திரி விழுந்த புதுப்பனி கலையாம கிடக்கு. பத்தடி வச்சிருப்பேன். வலது கால் உயரமாயிட்ட மாதிரி இருந்துச்சு. இன்னும் அஞ்சடியில இடது கால். குனிஞ்சு பார்த்தா செதில் இருந்த இடமே தெரியல, காலுக்குக் கீழ நாலு விரல்கடை உயரத்துக்குப் பனி அப்பியிருக்கு, ஹை ஹீல்ஸ் போட்ட மாதிரி. ஈரமா இருந்த செதில் குளிர்ல உறைஞ்சிருக்கு, அதுல புதுப்பனி ஒட்டிக்கிச்சு, பனி மேல பனி.

கிரெடிட் கார்டை எடுத்துச் சுரண்டினேன். கார்டு ரெண்டா ஒடிஞ்சது. அப்புறம் தெர்மாஸ்ல இருந்த காபிய ஊத்தினேன். தயவுசெஞ்சு யாரும் அதைச் செய்யாதீங்க, ரெண்டு நிமிஷத்துல முன்னைவிடக் கெட்டியா உறைஞ்சது, காபியும் போச்சு. கடைசில ஸ்கீயக் கழட்டி மரத்துல சாய்ச்சு, பிளாஸ்டிக் சுரண்டியால செதில் போற திசையிலேயே, மூக்குல இருந்து வாலுக்கு, ஒவ்வொரு வரிசையா எடுத்தேன். 40 நிமிஷம். விரல்ல உணர்ச்சி இல்ல.

இப்ப வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்ன, ஸ்கீ காய்ஞ்சிருக்கும்போதே, வழுக்குத் திரவத்தைச் செதில் மேல நல்லாத் தேய்ச்சுட்டுத்தான் கிளம்பறேன். ஒரு சின்ன டப்பா பையிலயும் இருக்கும். வழியில ஈரத்துல இருந்து நிழலுக்குள்ள போறேன்னா நிக்க மாட்டேன், நின்னாத்தான் ஒட்டும். அப்படியும் ஒட்டுச்சுன்னா காலை முன்னும் பின்னும் அழுத்தித் தேய்ச்சுட்டே போவேன்.

#14 நூர்மார்க்கா_நடையன்

அக்கா சொன்னது நூறு வீதம். கோப்பிக் கதையை இண்டைக்கு மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன், சிரிச்சு முடியேல்ல.

ஐஸுக்கு என்ன செய்யிறது எண்டு நான் சொல்லேல்ல. மறுமொழி: கட்டை ஸ்கின். ஃபிஷரின்ர இந்த ரெண்டு மொடலிலயும் ஸ்கீயின்ர அடியில, செதில் துவங்கிற இடத்துக்கு முன்னால, ஒரு பொருத்து இருக்கு. அதில மாட்டி ஒட்டினா செதில் இருக்கிற இடத்தை மட்டும் ஸ்கின் மூடும், பனி முன்னால இருந்து உள்ள பூராது. ஒஸ்னெஸ் எண்ட நோர்வேக் கொம்பனியின்ர ஸ்கீயிலயும் இப்பிடித்தான். மொஹேர் (ஆட்டு மயிர்) எடுத்தா நல்லா வழுக்கும், நைலோன் எடுத்தா நல்லாப் பிடிக்கும், கன நாள் உழைக்கும். உங்களுக்கு ஐஸுக்குத்தானே, கலவையா எடுங்கோ. பையில போட்டாத் தெரியவும் தெரியாது. ஆனா பசை குளிரில விறைக்கும், அதால யக்கெற்றுக்குள்ள வச்சுக் கொண்டு போங்கோ.

இங்க மலைக்குப் போறவை செதிலை நம்பிப் போறது குறைவு. நீல எக்ஸ்ட்ரா மெழுகு −1இல இருந்து −7 வரை, அதோட ஒரு கட்டை ஸ்கின், அவ்வளவுதான். 1888இல கிரீன்லாந்தைக் குறுக்கறுத்த நான்சனின்ர பேரில ஒரு ஒஸ்னெஸ் ஸ்கீ இருக்கு, தென்துருவம் போன அமுன்சனின்ர பேரில ஒண்டு. பேரைப் பாத்திட்டு ஒவ்வொருத்தரும் தாங்களும் துருவத்துக்குப் போற நினைப்பில வாங்கிக்கொண்டு வந்து இங்க ஒஸ்லோவில இருக்கிற சொங்ஸ்வான் ஏரியைச் சுத்தி நடக்கினம். நானும் அப்பிடித்தான்.

#15 வேலன்_ஒட்டாவா

😂 இரும்பு விளிம்பு அவசியமா? அப்புறம் பைண்டிங், அதான் பூட்ஸை ஸ்கீயில மாட்டற பூட்டு? எனக்கு என்என்என் பிசி தெரியும், மூணு முள் இருக்குற 75 மிமீ தெரியும், இப்ப புதுசா எக்ஸ்ப்ளோர்னு ஒண்ணு. எது?

#16 மேப்பிள்சாறு

விளிம்பு அவசியம். நீங்க சொன்ன வியாழக்கிழமைப் பனியில இரும்பு இல்லாம ஒரு சரிவுல குறுக்க நிக்கவே முடியாதுங்க.

பைண்டிங்ல நான் பழைய ஆளு, மூணு முள். வாத்து மூக்கு மாதிரி பூட்ஸ் முன்னாடி நீட்டிட்டிருக்கும், அதுல மூணு ஓட்டை, கீழ மூணு முள், மேல ஒரு கம்பி அமுக்கிக்கும். ஓட்டைக்குள்ள ஐஸ் அடைச்சா ஒரு குச்சியால நோண்டிட்டு மாட்டிக்கலாம். காட்டுல உடைஞ்சா வயர் போட்டுக் கட்டிட்டாவது வீடு வரலாம்.

#17 நூர்மார்க்கா_நடையன்

முள்ளுப் பைண்டிங்கின்ர சரித்திரம் ருசியானது. புரூர் வித் எண்டவர் 1927இல செய்தது. அதுக்கு வந்த பேர் ரொட்டெஃபெல்லா, தமிழில சொன்னா எலிப்பொறி. கம்பி வந்து அமுக்கிறதைப் பாத்தா விளங்கும். அதே கொம்பனிதான் பேந்து என்என்என் பிசியும் செய்தது, எக்ஸ்ப்ளோரும் செய்தது. ஆக எதை வாங்கினாலும் எலிப்பொறிக்குள்ளதான் கால்.

என்ர அபிப்பிராயம்: தம்பிக்கு என்என்என் பிசி காணும். முன்னங்காலில ஒரு கம்பி, அது கொளுவும், நடை நல்லா வரும். சறுக்கி இறங்கேக்க திருப்பம் போடப் பிடிமானம் குறைவு. எக்ஸ்ப்ளோர் பிடிமானம் கூட, விலையும் கூட, அதுக்கெண்டு தனிச் சப்பாத்தும் வேணும். சப்பாத்தில கஞ்சத்தனம் பாராதேங்கோ. மிருதுவான சப்பாத்தோட அகலமான ஸ்கீயைத் திருப்பிறது, நனைஞ்ச கயிறால சாரத்தைக் கட்டின மாதிரி.

#18 மண்குதிரை

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா. செதில் இருக்கு, லேசா ஏறுதுன்னு பாட்டுக்கு எங்க வேணா ஏறிடாதீங்க. 30 டிகிரிக்கு மேல சரிவு இருந்தா அது பனி சரிஞ்சு உருண்டு வர்ற இடம். நீங்க சமதளத்துல போனாலும், மேல அந்தச் சரிவு இருந்தா உருண்டு வர்ற பாதையிலதான் நிக்குறீங்க. கட்டினோவுல பெருசா இல்லன்னாலும், இதே ஸ்கீய வச்சு நாளைக்கு ராக்கீஸ் போகணும்னு தோணும். தோணும்ணே, எனக்குத் தோணுச்சு.

#19 நூர்மார்க்கா_நடையன்

ஓம். இங்க மலை விதி எண்டு ஒன்பது இருக்கு, எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடத்திலயே பாடமாக்கும். எட்டாவது விதி: நேரத்தோட திரும்பு, திரும்பிறதில வெக்கமில்லை. என்ர மகள் அதைக் கணக்குப் பாடத்துக்கும் பாவிச்சவள்.

#20 வேலன்_ஒட்டாவா

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். எஸ்-பவுண்ட் 98 ஒரு நாள், எக்ஸ்கர்ஷன் 88 ஒரு நாள், ரெண்டும் 189, ரெண்டும் வாடகை. எம்62 எங்கயும் கிடைக்கல.

98 அன்னிக்கு −16, முந்தின நாள் விழுந்த பதினஞ்சு சென்டிமீட்டர் பொடி. வடக்குப் பக்கம், ஹெரிட்ஜ் கேபின் போற வழியில இருந்து ஒதுங்கிச் செப்பனிடாத பாதைக்குள்ள. முதல் தடவையா மிதந்தேன். பொய் சொல்லல, கால் எங்க இருக்குன்னே தெரியல, மூக்கு மட்டும் பனிக்கு மேல எட்டிப் பார்த்துட்டே போகுது, அரிசி மாவைக் கிழிச்சுட்டுப் போற மாதிரி சத்தம். ஏத்தத்துல மீன்முள்ளு நடை (ஸ்கீ மூக்கை V மாதிரி விரிச்சு ஏறறது) போடவே இல்ல, நேரா ஏறிட்டேன். திரும்பி வரும்போது அஞ்சு கிலோமீட்டர் செப்பனிட்ட அகலப்பாதை. அங்கதான் அழுதுட்டேன். ட்ராக் சால் ஒவ்வொண்ணும் 70 மிமீ கிட்ட, அதுல 98 இறங்கவே இறங்காது. நடுவுல போனா செதில் 'ஊஊங்'னு ஒரே ரீங்காரம், கிரைண்டர் ஓடுற மாதிரி. ஒரு அப்பாவும் சின்னப் பையனும் என்னைத் தாண்டிப் போனாங்க. பையனுக்கு ஆறு வயசு இருக்கும்.

88 அன்னிக்குத்தான் அசல் ஒட்டாவா. புதன் மழை, வெள்ளி −9. மேல அப்பளம் மாதிரி ஒரு தட்டு, வச்சா படக்னு உடையுது, உடைஞ்சா கணுக்கால் வரைக்கும். உடையாத இடத்துல கண்ணாடி. செதில் ஒண்ணுமே பிடிக்கல, நடையண்ணா சொன்ன கரண்டிதான். அரை கிலோமீட்டர் பல்லைக் கடிச்சுட்டு, ஸ்கின்னை எடுத்து மாட்டினேன் (ஜாக்கெட் உள்பையில இருந்து, சூடா). அப்புறம் ஏணி மாதிரி ஏறுச்சு. இறக்கத்துல ஸ்கின்னோடயே இறங்கினேன், வேகம் தானா அடங்குனது நல்லதாப் போச்சு. ஒரே ஒரு இடத்துல விழுந்தேன், விழுந்த இடத்துல ஐஸ் ஓடாச்சு. அகலப்பாதையில 88உம் ட்ராக்குல இறங்கல. ஆனா சத்தமும் இழுவையும் 98 அளவுக்கு இல்ல, உதைச்சா கொஞ்ச தூரம் ஓடுது.

யோசிச்சுப் பார்த்தா, பதினஞ்சு சென்டிமீட்டர் பொடி எனக்கு வருஷத்துல ஆறு ஏழு நாள் கிடைச்சா ஜாஸ்தி. போக அஞ்சு, வர அஞ்சு கிலோமீட்டர் அகலப்பாதை எல்லா நாளும் உண்டு. 88 வாங்கியாச்சு. 189, என்என்என் பிசி, ஸ்கின் தனியா.

#21 மேப்பிள்சாறு

கட்சி மாறிட்டீங்க. பரவால்ல, கணக்கு சரியாத்தான் இருக்கு. எனக்கு அகலப்பாதை கிடையாது, வீட்டுக் கொல்லையில இருந்தே காடு. உங்க இடத்துல இருந்தா நானும் 88தான் எடுத்திருப்பேன்.

#22 நூர்மார்க்கா_நடையன்

நல்ல தெரிவு. இனி ஒரு நாள் −5இல, செதிலுக்கு முன்னாலயும் பின்னாலயும் கொஞ்ச இடத்துக்கு மட்டும் நீல மெழுகைத் தேச்சுப் பாருங்கோ. களவா. ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை.

#23 அரும்பு

நான் ஹோக் 125 வாங்கிட்டன். நேற்று வீட்டுக்குப் பின்னால ஓடைப்பக்கம் போனன். மூண்டு தரம் விழுந்தன், மூண்டு தரமும் நிண்ட இடத்திலதான்.

#24 வேலன்_ஒட்டாவா

மார்ச் 19. பனி தீரப்போகுது, அதனால கடைசியா ஒரு தகவல். நேத்து காலையில −6, மதியம் +5. காலையில ஸ்கின், பதினொரு மணிக்கு மேல செதில். மேல சொன்ன கற்கண்டுப் பனி முதல் தடவை கிடைச்சது. அய்யோ. என்ன பிடி, என்ன ஓட்டம்! டிசம்பர்ல இருந்து இந்த ஸ்கீய ஏன் வாங்குறாங்கன்னு யோசிச்சுட்டிருந்தேன், நேத்து ரெண்டு மணி நேரத்துக்குப் பதில் கிடைச்சது.

பிறகு நிழலுக்குள்ள நுழைஞ்சேன். வழுக்குத் திரவம் காருல. பையில தெர்மாஸ்ல டீ இருந்துச்சு, மேப்பிள்சாறு அக்கா, சத்தியமா ஊத்தல. அந்த பான்ஜூர் பாட்டியம்மாதான் மறுபடியும் வந்தாங்க. பைக்குள்ள இருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, என் ஸ்கீய வாங்கி, செதில் மேல நாலு தேய்ப்பு தேய்ச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க ஸ்கீய எட்டிப் பார்த்தேன். மரம். அடியில செதிலே இல்ல.